பெயர் காணாமல் போன மார்ஷல்

1971 என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு வங்கதேசப் போர்தான் நினைவுக்கு வரும். பாகிஸ்தானுக்காகச் சீனா வடக்கே படையை இறக்கிவிடுமோ என்ற கவலை அன்று டெல்லிக்கு இருந்தது. 1962-ல் பட்ட அடி லேசானதா என்ன? ஆனால் அதே சமயத்தில் சீனாவின் ராணுவத் தலைமையே ஆட்டம் கண்டிருந்தது.

மாவோவின் வாரிசு என்று 1969-ல் கட்சியின் சட்டவிதியிலேயே பெயர் ஏறியவர் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் லின் பியாவ். 1971 செப்டம்பர் 13 அதிகாலை, மனைவி மகனோடு அவர் சென்ற விமானம் மங்கோலியாவில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த ஒன்பது பேரும் இறந்துபோனார்கள். பீகிங் வாய் திறக்கவில்லை.

ஆனாலும் ஹாங்காங்கில் இருந்த சிலருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சீனாவுக்குள் நுழைய முடியாத ஆய்வாளர்களும் தூதரக அதிகாரிகளும் அங்கே உட்கார்ந்துகொண்டு கட்சிப் பத்திரிகைகளை வரிவரியாகப் படிப்பார்கள். அவர்களில் லடானி என்ற ஹங்கேரியப் பாதிரியார் 1953 முதல் சீனச் செய்திகளை அலசி ஒரு வாரத்தாளே நடத்தி வந்தார். ஒற்றர் யாரும் கிடையாது. சீனப் பத்திரிகைகளும் வானொலியும்தான் அவருக்கு மூலதனம். புகைப்படத்தில் யார் யாருக்கு அடுத்து நிற்கிறார், பெயர்ப் பட்டியலில் யார் கீழே இறங்கினார் என்று பார்ப்பது இவர்களுடைய தொழில். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசையை வைத்தே குடும்பச் சண்டையைக் கண்டுபிடிப்பவர்கள் இல்லையா, அந்த மாதிரி!

அந்த செப்டம்பரில் சீன விமானங்கள் சில நாள் பறக்கவில்லை. அக்டோபர் 1 தேசிய தின அணிவகுப்பு ரத்தானது. மாவோவே இறந்துவிட்டார் என்றுகூட வதந்தி கிளம்பியது. அக்டோபரில் அவர் எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியைச் சந்தித்ததும் அது அடங்கியது. ஆனால் மாவோவின் பெயருக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த லின் பியாவின் பெயர் மட்டும் திரும்ப வரவில்லை. தலைமைத் தளபதியும் விமானப்படைத் தளபதியும்கூடக் காணாமல் போயிருந்தார்கள். விழுந்தது ராணுவத்தின் உச்சி என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சிவப்புப் புத்தகத்தில் லின் எழுதிய முன்னுரையையும் கிழித்துவிடச் சொன்னார்கள். பீகிங் வெளிநாட்டாரிடம் விஷயத்தை ஒப்புக்கொண்டது அடுத்த ஆண்டு நடுவில்தான்.

சோவியத்காரர்களுக்குப் பத்திரிகை படிக்கும் பொறுமை இல்லை. மங்கோலியாவில் புதைத்த உடல்களைத் தோண்டி, மண்டையோட்டை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். லின் முன்பு அங்கே சிகிச்சை பெற்றவர். அந்தப் பழைய மருத்துவக் குறிப்போடு ஒப்பிட்டு, ஆள் அவர்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். மாவோவைக் கொல்லச் சதி செய்து தப்பி ஓடினார் என்பது கட்சி சொல்லும் கதை. அதை முழுசாக நம்பாத ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.