பியர் மண்டபமும் பங்கீட்டுப் புத்தகமும்

ஸ்ரொக்ஹோம் நகரின் சொடர்மல்ம் பகுதியிலுள்ள பெலிக்கன் என்னும் பழைய பியர் மண்டபம் இறைச்சியுருண்டை, ஊறவைத்த ஹெரிங் மீன், உருளைக்கிழங்கு முதலான எளிய வீட்டுணவுக்குப் பெயர்பெற்றது. சுவீடியர் இதனை 'ஹூஸ்மன்ஸ்கொஸ்ட்' என்பர். அந்நாட்டில் மதுவும் உணவும் ஒரே மேசையில் இணைந்தமையில் சட்டத்துக்கும் பங்குண்டு.

1922ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பில் முழு மதுவிலக்கு ஏறத்தாழ 51க்கு 49 என்ற வீதத்தில் தோல்வியுற்றது. ஆயினும், மருத்துவர் இவான் பிராட் வகுத்து, 1914இல் ஸ்ரொக்ஹோமில் தொடங்கிய பங்கீட்டு முறை 1955 வரை நாட்டில் நிலைத்தது. கடையில் வடிசாராயம் வாங்கப் பங்கீட்டுப் புத்தகம் வேண்டும். உணவகத்திலோ உணவுடன் மட்டுமே அது அளந்து வழங்கப்பட்டது.

அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. மணமான பெண்களுக்குப் பொதுவாகப் புத்தகம் வழங்கப்படவில்லை. கணவனின் புத்தகமே குடும்பத்துக்குப் போதுமெனக் கருதப்பட்டது. உணவகத்திலும் பெண்ணின் பங்கு ஆணினதிலும் குறைவு. வருமானமும் சமூகநிலையும் கூடக் கணக்கிலெடுக்கப்பட்டன. குடியைக் கட்டுப்படுத்த எழுந்த முறை, குடிமக்களையும் தரம்பிரித்தது.

எனவே, எளிய மக்களின் உணவெனப் போற்றப்படும் இத்தட்டின் வரலாற்றை எழுதுவோர், அதனருகே யாருக்கு எவ்வளவு அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.