பெயின்ட் அடிக்கக் கூடாத ஏணி

போன மாசம் மஞ்சக்குப்பத்து வீட்டில் கதவு, ஜன்னல், வாசல் பக்கத்து மரத்தூண் எல்லாத்துக்கும் பாலீஷ் வேலை நடந்தது. ஆளுங்க மூணு பேர். கடைசி நாள் டப்பாவில் கொஞ்சம் பச்சை பெயின்ட் மிச்சம். கையாள் பையனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். சும்மா கிடந்த மர ஏணிக்கு அதை அடிச்சிடலாம்னு புருசை எடுத்தான். மேஸ்திரி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்துட்டார்.

"ஏன்ணே, அடிச்சா என்ன?"ன்னு கேட்டேன்.

"விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியணும் சார். பெயின்ட் அதை மூடிடும். வேணும்னா எண்ணெய் தடவலாம்."

ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவரின் ஏணிக்கு மட்டும் பெயின்ட் கிடையாது! வேடிக்கையா இருக்கேன்னு அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினால், இது உலகம் பூரா இருக்கிற விதி. அமெரிக்காவின் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளிலேயே, மர ஏணியின் மேல் உள்ளே இருப்பதை மறைக்கிற பூச்சு எதுவும் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. நம்ம மேஸ்திரி எந்த விதிப் புத்தகமும் படிச்சவரில்லை. அவருக்கு அது அனுபவம். அந்த அனுபவத்துக்கு என்ன விலை கொடுத்தார்னு பின்னாடி சொல்றேன்.

அதுக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. நம்ம கடலூர் மண்ணுக்கு இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. உயரத்தில் ஏற சாரம் கட்டுற கம்பும், மரத்தைக் காப்பாத்த அதில் தடவுற எண்ணெயும் இந்த மாவட்டத்திலேயே கிடைக்குது.

முதல்ல கம்பு. சாரம்னா சவுக்குதான். ஆனா சவுக்கு நம்ம ஊர் மரமில்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்துக் கடற்கரை மரம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக் கடலோர மணலில் தோப்பு தோப்பா நட்டாங்க. முக்கியமா விறகுக்குத்தான். ரயில் இன்ஜினே விறகில் ஓடின காலம் அது. மணலிலும் வளரும், நாலைஞ்சு வருஷத்தில் வெட்டலாம், கம்பு நேராவும் இருக்கும். ரயில் நிலக்கரிக்கு மாறிய பிறகும் சவுக்கு போகலை. அடுப்புக்கும், பந்தலுக்கும், சாரத்துக்கும், அப்புறம் காகித ஆலைக்கும்னு நிலைச்சிடுச்சு.

சிதம்பரம் கோயிலின் நாலு கோபுரமும் ஏழு நிலை. வடக்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் திருப்பணி. அதாவது கோபுரம் எழும்பி முந்நூறு வருஷம் கழிச்சுத்தான் இந்தக் கரையில் சவுக்குத் தோப்பு. இன்னைக்குத் திருப்பணின்னு சொன்னாலே கோபுரத்தைச் சுத்தி நிற்கிற சவுக்குச் சாரம்தான் நம்ம மனசில் வருது. 1987க்கு அப்புறம் 2015 மே 1ஆம் தேதி அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. கலசத்தையும் கூட்டத்தையும் ஆயிரம் பேர் படம் எடுத்திருப்பாங்க. கயிறு வரிஞ்சு சாரம் கட்டினவங்களை எத்தனை பேர் எடுத்தாங்களோ?

அடுத்தது எண்ணெய். முந்திரியும் வந்தேறிதான். 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது. இன்னைக்குப் பண்ருட்டி செம்மண்ணை முந்திரி இல்லாம நினைச்சுப் பார்க்க முடியுமா? பருப்பைச் சுத்தியிருக்கிற கொட்டை ஓட்டுக்குள்ளே கருஞ்சிவப்பா ஒரு எண்ணெய் இருக்கு. தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும். கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கிட்டு உட்காருவது அதனால்தான். அந்தக் காரம்தான் கரையானையும் விரட்டுது. மரத்தில் தடவினால் உள்ளே ஊறி, நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகிடும். படகுப் பலகை, ஓட்டு வீட்டின் கைமரம், மூங்கில், கதவின் அடிப்பக்கம்னு தண்ணியும் கரையானும் வர்ற இடத்துக்கெல்லாம் இதைத்தான் தடவினாங்க. இப்போ கடையில் 'வுட் ஸ்டெயின்'னு டப்பாவில் விற்கிறதும் இதே யோசனைதான். பெயின்ட் மேலே தோல் மாதிரி படியும். ஸ்டெயின் உள்ளே இறங்கும், மரத்தின் ரேகை மறையாது. உப்புக்காத்து அடிக்கிற ஊரில் மேல்தோல் சீக்கிரம் உரிஞ்சிடும், ஊறினது நிற்கும்.

(2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் இந்த ரெண்டு தோப்பையும் சேர்த்தே சாய்ச்சது. அன்னைக்கு இங்கே இருந்தவங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.)

மேஸ்திரி வேலை செஞ்ச முறையையும் சொல்லணும். முதல்ல உப்புத்தாள், சொரசொரப்பில் ஆரம்பிச்சு நைஸுக்கு. மரத்தின் ரேகை ஓடுற திசையில்தான் தேய்க்கணும், குறுக்கே தேய்ச்சால் ஸ்டெயின் ஏறினதும் கீறல் கறுப்பா தெரியும். அப்புறம் தூசி துடைச்சு, புருசால் தடவி, ஊறாம நிற்கிறதைத் துணியால் வழிச்சு எடுக்கணும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, விரிச்சுக் காயப்போடணும். ஆளிவிதை எண்ணெய் ஊறின துணிக் குவியல் தானாவே சூடேறித் தீப்பிடிக்கும்.

கவனிச்சீங்களா? ஒரு கையில் டப்பா, ஒரு கையில் புருசு. ஏணியைப் பிடிக்க மூணாவது கை ஏது? மரவேலை பாலீஷ்காரர் விழறதுக்கு இது ஒரு பெரிய காரணம். ஒரு கம்பிக் கொக்கி போட்டு டப்பாவை ஏணியில் மாட்டினால் ஒரு கை மிச்சம். இன்னொண்ணு, ஏணியின் சாய்வு. நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் கால் தள்ளி இருக்கணும். பதினாறு அடியில் சாத்தினால் அடி நாலு அடி தள்ளி. சாரத்துக்கும் ஏணிக்கும் இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 3696 இருக்கு. ஏணிக்கான பாகம் வந்தது 1991-ல்.

விதி இருக்கு, சரி. விழுந்தவனுக்கு? இங்கேதான் எனக்குத் தூக்கம் போச்சு.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-லேயே வந்துடுச்சு. ஆனா எப்பவாவது கூப்பிடுற தற்காலிக ஆள், அதுவும் முதலாளியோட தொழிலுக்காக இல்லாத வேலைன்னா, அவர் 'தொழிலாளி'யே இல்லைன்னு அதில் ஒரு வரி. அதாவது என் வீட்டு ஜன்னலுக்கு மூணு நாள் பெயின்ட் அடிக்க வந்தவர் கணக்கிலேயே வரமாட்டார். அந்த வரியை எடுத்தது 2000-ல். எழுபத்தேழு வருஷம்!

கட்டுமானத் தொழிலாளருக்குன்னு தனி மத்தியச் சட்டம் 1996-ல் வந்தது. அது பத்துப் பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யுற இடத்துக்குத்தான்னு இருந்தது. சொந்த வீட்டு வேலை, செலவு பத்து லட்சத்துக்குள்ளேன்னா விலக்கு இருந்தது. 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்தில் அந்த வரம்பு ஐம்பது லட்சமாச்சு. தமிழ்நாடு ஒரு விஷயத்தில் முந்திக்கிச்சு. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், அதன் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பெயின்டரும் அதில் சேரலாம். பதிவு செஞ்சிருந்தால் விபத்துக்கு உதவித்தொகை உண்டு. செஞ்சிருந்தால்!

மேஸ்திரியின் இடது மணிக்கட்டு மடங்காது. இருபது வருஷத்துக்கு முன்னால், மொசைக் தரையில் சாக்கு போடாம ஏணி வச்சு, வழுக்கி விழுந்தது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ காசு கொடுத்தாராம். அதோட சரி. "அவர் நல்ல மனுஷன்தான் சார்"னு வேற சொன்னார்.

கதவுக்கு எந்த ஸ்டெயின், எத்தனை கோட்டுன்னு ஒரு வாரம் விசாரிச்ச நான், மேலே ஏறுற மூணு பேரும் வாரியத்தில் பதிஞ்சிருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்கலை. மரத்தைக் கரையான் அரிக்காம இருக்க நம்ம ஊர் நூறு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கு. அந்த மரத்தண்டை நிற்கிற ஆளை நினைச்சது ரொம்பப் பிந்தித்தான், அதுவும் அரைகுறையா. வெட்கமா இருந்தது.

மறுநாள் கூலி கொடுக்கும்போது கேட்டேன். மேஸ்திரிக்கு அட்டை இருக்கு, புதுப்பிக்கலை. பையனுக்கு இல்லவே இல்லை. ஆதாரோட வரச் சொல்லியிருக்கேன், நானே கூடப் போய்ப் பதிவு செஞ்சிட்டு வரணும்.

ஏணிக்கு என்னாச்சுன்னு கேட்கறீங்களா? மிச்சமிருந்த எண்ணெயைத் துணியில் தொட்டுப் பையனே தடவினான். காய்ஞ்சதும் பார்த்தால் மூணாவது படியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பச்சை பெயின்ட் அடிச்சிருந்தால் தெரிஞ்சிருக்காது :)

அடுத்த தடவை உங்க வீட்டில் ஆள் ஏறும்போது ஏணியின் அடியையும் அவங்க அட்டையையும் ஒரு தடவை பார்த்துடுங்க மக்களே. உங்க ஊரில் மரத்துக்கு என்ன தடவுவாங்கன்னும் சொல்லுங்க.