ஆபாசமா, வன்கொடுமையா? சம்மதமற்ற பாலியல் காணொளிகளும் சட்டமும்

பாலியல் படங்கள் குறித்த விவாதம் நம் நாட்டில் பெரும்பாலும் பார்ப்பவரின் ஒழுக்கத்தைச் சுற்றியே நிகழ்கிறது. படத்தில் இருப்பவர் யார், அவர் சம்மதித்தாரா, அது பரவிய பின் அவர் எவ்வாறு ஊரில் வாழ்வார் என்னும் கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. தலித், பழங்குடிப் பெண்களுக்கு இவையே முதன்மையான கேள்விகள். வன்முறையைப் படமெடுத்தவன், புகார் அளித்தால் அதைப் பரப்புவேன் என மிரட்டுகிறான். நிலமும் கூலியும் ஆதிக்க சாதியிடம் இருக்கும் ஊரில் அம்மிரட்டல் குடும்பம் முழுவதையும் வாயடைக்கச் செய்கிறது.

வன்புணர்வுக் காணொளிகள் வாட்ஸ்அப்பில் பரவுவது குறித்து ஐதராபாத்தைச் சேர்ந்த பிரஜ்வாலா அமைப்பு எழுதிய கடிதத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக ஏற்றது. இணையவழிப் புகாருக்கான தேசியத் தளம் உருவாக அவ்வழக்கு வழிவகுத்தது. மணிப்பூரில் 2023 மே 4ஆம் நாள் குக்கி-ஸோ பழங்குடிப் பெண்கள் ஆடையின்றி நடத்திச் செல்லப்பட்டனர். மே 18இல் புகார் பதிவானது; ஜூலை 19இல் காணொளி வெளியான பின்னரே முதல் கைது நிகழ்ந்தது. பாதிக்கப்பட்டோரின் சொல்லுக்கு அசையாத அரசு, அவர்களது அவமானம் நாடெங்கும் காட்சியான பிறகே அசைந்தது.

சட்டம் கூறுவது

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசத்தையும், 67ஏ பிரிவு வெளிப்படையான பாலியல் காட்சியையும் மின்னணு வடிவில் பரப்புவதைத் தண்டிக்கின்றன. சம்மதம் என்ற சொல்லே இவ்விரு பிரிவுகளிலும் இல்லை. 66இ பிரிவும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும் சம்மதத்தை மையமாகக் கொண்டவை. படமெடுக்கச் சம்மதித்த பெண் அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லையெனில், பரப்புவது குற்றமே என 77ஆம் பிரிவின் விளக்கம் தெளிவுபடுத்துகிறது.

குழந்தைகள் விஷயத்தில் 2024 செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை ரத்து செய்தது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் தவிர்த்து, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலையும் வன்கொடுமையையும் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறியது. பெயர் மாறும்போது பார்வையும் மாறுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் இடம்

2015ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்த்தல், படமெடுத்தல், பரப்புதல் ஆகியவற்றைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. இன்றைய 77ஆம் பிரிவு அதன் தொடர்ச்சி. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ அறிந்தவர், எதிராக நிரூபிக்காத வரை, அவரது சாதியையும் அறிந்தவராகவே கருதப்படுவார் என 8(சி) பிரிவு கூறுகிறது. 'சாதி தெரியாது' என்ற வாதம் அதே ஊர்க்காரருக்கு எளிதில் உதவாது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும்.

ஆதலால் 67ஏ பிரிவில் மட்டும் வழக்குப் பதிவு செய்வது வெறும் நடைமுறைக் குறைபாடு அன்று. அது சாதியக் குற்றத்தைப் பொது ஒழுக்கக் குற்றமாகச் சுருக்குகிறது. நிவாரணத்துக்கும், 15ஏ பிரிவு தரும் சாட்சிப் பாதுகாப்புக்குமான வழியையும் அடைத்துவிடுகிறது.

புகார் அளிப்போர் கவனத்திற்கு

காணொளியைப் பிறருக்கு அனுப்பாமல் இணைப்பு முகவரி, தேதி, அனுப்பியவரின் எண் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். புகாரிலேயே சாதியையும் எதிரியுடனான அறிமுகத்தையும் எழுதுதல் நன்று. நிறுவனங்களிடமும் நேரடியாக நீக்கக் கோரலாம். 2021ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டபோதே இதற்கு 24 மணி நேரக் கெடு விதிக்கப்பட்டது.

வயது வந்தோர் தம் விருப்பப்படி எதைப் பார்க்கலாம் என்ற விவாதம் தொடரட்டும். சம்மதமின்றி எடுக்கப்பட்ட படம் அவ்விவாதத்துக்கு உரியதன்று. அதைப் பகிரும் ஒவ்வொரு கையும் அக்குற்றத்தில் பங்கேற்கிறது.