இரண்டு பக்கமும் ஒரே நிறம்: பலேகாட் சாரம் வந்த வழி

 

பெருநாளோ தீபாவளியோ நெருங்கினால் அவிசாவளையிலிருந்து பலாங்கொடை வரை நடைபாதையெல்லாம் உடுப்புக் குவியல்தான். ‘இந்த வருஷ டிசைன்’ என்று கடன்பட்டாவது வாங்குகிறோம். நாலு தரம் கழுவினால் கழுத்துத் தொய்ந்துவிடும். தொய்யாவிட்டாலும் அடுத்த வருஷம் அதைப் போடப் பிள்ளைக்கு வெட்கம். ஆனால் வாப்பா கட்டியிருக்கும் கட்டம் போட்ட சாரத்தை எந்த வருஷத்து டிசைன் என்று யாரும் கேட்பதில்லை. லயத்துத் தாத்தா கட்டியிருப்பதும் அதே கட்டம்தான்.

பலேகாட், பளையகாட் என்று நாம் சொல்வது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே ஏரியும் கடலும் சேரும் இடத்தில் இருக்கும் பழவேற்காடு. 1613 இல் ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை அங்கிருந்தே நடத்தினார்கள். அவர்களை அங்கே இழுத்தது துணி. கிராம்பும் சாதிக்காயும் விளையும் தீவுகளில் வெள்ளிக் காசைவிட இந்தக் கரைத் துணிக்குத்தான் மதிப்பு. துணியைக் கொடுத்தே வாசனைத் திரவியம் வாங்கினார்கள்.

நம் சப்ரகமுவைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இங்கிருந்து பாக்கு போனது, அங்கிருந்து துணி வந்தது. களு கங்கையில் படகிலும், மலைப்பாதையில் பொதிமாட்டிலும் சரக்குக் கொண்டு போனவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் பலர். பாக்கையும் துணியையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள ஒல்லாந்தர் சட்டம் போட்டதே, அந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சாட்சி.

இனி அந்தத் துணியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நெய்த பிறகு அச்சடிப்பதில்லை. நூலுக்கே சாயம் போட்டு, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி நெய்வதால் கட்டம் தானாக விழுகிறது. அதனால் உள்பக்கம் வெளிப்பக்கம் என்று ஒன்றில்லை. ஏறக்குறைய இரண்டு மீற்றர் துணி, ஒரே ஒரு தையல். பொத்தான் இல்லை, அளவு இல்லை. ஒல்லியானவனும் தொந்திக்காரனும் அதையே கட்டலாம் (எங்களில் சிலருக்கு இது பெரிய நிம்மதி). இடுப்பில் ஒரே இடம் தேயாமல் சுற்றிச் சுற்றிக் கட்டலாம். நைந்த பிறகு தொட்டில், அதற்குப் பிறகு சட்டி பிடிக்கும் துணி.

சாயம் போகும் குணத்துக்கே ஒரு கதை உண்டு. 1958 இல் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்ற இந்திய ஏற்றுமதியாளர் அமெரிக்காவுக்கு மெட்ராஸ் கட்டத்துணி அனுப்பினார். புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் அதில் உடுப்புத் தைத்து விற்றது. மெஷினில் போட்டதும் சாயம் ஓடி, வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு அதையே ‘நிறம் கசியும் மெட்ராஸ்’ என்று விளம்பரம் செய்ய, கழுவக் கழுவப் புது நிறம் காட்டும் துணி என்று சனம் தேடி வாங்கியதாம். குறையைப் பெருமையாக்கிய விளம்பரக்காரனைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம் நாட்டில் 1970களில் இறக்குமதி கட்டுப்பட்டிருந்தபோது கைத்தறிக்கு நல்ல காலம். கிழக்கே மருதமுனையில் நம்மவர்கள் நெய்த சாரம் நாடெங்கும் போனது. 1977 இல் கதவு திறந்தது, மலிவுத் துணி உள்ளே வந்தது, பல தறிகள் நின்றன. 1992 இல் பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நெய்யும் வேலை போய்த் தைக்கும் வேலை வந்தது. இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் பஸ் ஏறி கார்மன்ட்ஸுக்குப் போகிறார்கள். வெளிநாட்டில் ஒரு பருவம் மட்டும் போடும் உடுப்பை மணிக்கணக்குப் பார்த்துத் தைக்கிறார்கள். அதில் கழிக்கப்பட்டது ‘ரிஜெக்ட்’ என்று நடைபாதைக்கு வருகிறது. தைத்த பிள்ளையின் சம்பளமே அதை வாங்கவும் போகிறது.

மருதமுனையில் தறிச் சத்தம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. அங்கே நெய்த சாரத்தின் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அது எத்தனை பெருநாள் தாங்குகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை கடைக்குப் போனால், எந்தச் சாரமானாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நிறம் வெளிறியிருந்தால் அது மேலே அடித்த அச்சு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் சாயம் நூலிலேயே இருக்கிறது.