பாதம் தெரிய வேண்டும்

திரையில் யாராவது ஆடத் தொடங்கினால் என் கண் முதலில் போவது சட்டகத்தின் கீழ் விளிம்புக்கு. பாதம் தெரிகிறதா, கணுக்காலோடு வெட்டிவிட்டார்களா? வெட்டியிருந்தால் எனக்கு அந்த ஆட்டம் பாதி செத்த மாதிரி. “அம்மா மறுபடியும் காலைத் தேட ஆரம்பிச்சாச்சு” என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். சிறுவயதில் பரத வகுப்பில் தட்டுக்கழிச் சத்தத்துக்கு அரைமண்டியில் நின்று தொடை நடுங்கியவள் நான். நடனம் தரையிலிருந்துதான் கிளம்புகிறது என்பதை எனக்கு யாரும் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பின்னாளில் படங்கள் வழியாக பாலே மேல் பித்துப் பிடித்தபோது அங்கேயும் அதே கதைதான். எழும்புவதற்கு முன் முழங்காலை மடக்கி ஒரு கணம் தாழ்வார்கள். அதற்கு ‘பிளியே’ என்று பெயர். இறங்கும்போது விரல் நுனி, முன்பாதம், குதிகால் என்று வரிசையாகத் தரை தொட வேண்டும். இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினால் அந்தத் தாவலுக்குக் கொடுத்த விலை தெரியாது. தாவல் மட்டும் இலவசமாக வந்தது போல் இருக்கும்.

அதனால், நடனமும் சினிமாவும் சேர்ந்து குடித்தனம் நடத்திய கதையை, கேமரா எங்கே நின்றது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சண்டைதான். 1909இல் பாரிஸில் தன் முதல் பருவத்தை நடத்தி ஐரோப்பாவையே கிறங்கடித்த செர்கேய் தியாகிலெவ், தன் ‘பாலே ரூஸ்’ குழுவைப் படமெடுக்க விடவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. அன்றைய படத்துக்கு ஒலி இல்லை, நிறம் இல்லை. கையால் சுற்றி எடுத்த சுருளை வேறு வேகத்தில் ஓட்டினால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் வெடுக்கு வெடுக்கென்று துடிப்பார். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையையும் பக்ஸ்டின் வண்ணங்களையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. அந்தக் குழுவின் நட்சத்திர ஆட்டக்காரர் நிஜின்ஸ்கி ஆடுவதைக் காட்டும் சுருள் ஒன்றுகூட இல்லை. புகைப்படங்களும், பார்த்தவர்கள் எழுதியதும்தான் மிச்சம். 1928இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில் திறந்தவெளியில் அந்தக் குழு ஆடியதன் சிறு துண்டு ஒன்று 2011இல் பழைய செய்திப்படக் குவியலிலிருந்து அடையாளம் காணப்பட்டபோது பாலே ரசிகர்கள் குதித்தார்கள். அது அரை நிமிடம் ஓடும். இருபது வருடம் உலகைச் சுற்றிய ஒரு குழுவுக்கு அரை நிமிடம்!

அதே காலத்து ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவுக்கு இந்தக் கூச்சம் இல்லை. 1916இலேயே லோயிஸ் வெபர் இயக்கிய மௌனப் படம் ஒன்றில் ஊமைப் பெண்ணாக நடித்தார். 1920களின் நடுவில் ஹாலிவுட்டில் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் ஸ்டூடியோவில் தன் சிறு நடனங்கள் சிலவற்றை ஆடிப் பதிவு செய்துகொண்டார். அந்தச் சுருள்களில் கேமரா நகராது, கிட்டே வராது, எட்ட நின்று பார்க்கும். அதனால்தான் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஃபோகின் அமைத்த ‘சாகும் அன்னம்’ ஆட்டத்தில் விரல் நுனியில் நின்றபடி பொடிப்பொடியாக அடி வைத்து நகர வேண்டும். பாதத்தின் அந்த நடுக்கம் முதுகுக்கு ஏறி, தோளுக்கு வந்து, கை வழியாக வெளியேறுவதைப் பழைய கறுப்பு வெள்ளைச் சுருளில்கூடப் பின்தொடர முடிகிறது. அவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயேதான் இருக்கிறார். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு வாங்குகிறது. 1931இல் அவர் இறந்த சில நாட்களுக்குள் லண்டனில் ஒரு பாலே நிகழ்ச்சியில் ‘சாகும் அன்னம்’ இசையை வாசித்து, ஆளில்லாத மேடையில் ஒளிவட்டத்தை மட்டும் விட்டு அஞ்சலி செலுத்தினார்கள்.

பாவ்லோவாவை நம் ஊரோடு கட்டும் கயிறுகள் இரண்டு. 1923இல் அவர் லண்டன் கோவென்ட் கார்டனில் ‘ராதா-கிருஷ்ணன்’ என்ற ஆட்டத்தை மேடையேற்றியபோது கிருஷ்ணனாக ஆடியவர், ஓவியம் படிக்க வந்திருந்த உதய் சங்கர். 1928இல் ஆஸ்திரேலியா போகும் கப்பலில் பாவ்லோவாவோடு பழகி, அவர் குழுவின் கிளியோ நார்டியிடம் பாலே கற்கத் தொடங்கியவர் ருக்மிணி தேவி. உன் நாட்டு நடனத்தைப் போய்ப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான். அந்தத் திருப்பம் 1936இல் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியாயிற்று. உதய் சங்கரின் பாதையோ ஒரு சினிமாவில் போய் நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒலி வந்ததும் ஹாலிவுட் நடனத்தின் மேல் பாய்ந்தது. பஸ்பி பெர்க்லி கேமராவைக் கூரைக்கு ஏற்றி, பெண்களைக் கோலப் புள்ளிகளாக்கினார். பார்க்க அழகு; ஆனால் அங்கே ஆடுவது கோலம். அதற்கு நேர் எதிராக வந்து நின்றவர் ஃப்ரெட் அஸ்டேர். ஆடும்போது தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், முடிந்தவரை வெட்டாமல் எடுக்க வேண்டும், நடுவே யாரோ வியந்து பார்க்கும் முகத்தைச் செருகக் கூடாது: இவை அவர் போட்ட நிபந்தனைகள். ‘டாப் ஹாட்’ (1935), ‘ஸ்விங் டைம்’ (1936) இரண்டையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். கேமரா அவர்கூடவே நழுவுகிறது, ஆனால் ஒரு தடவைகூட முந்துவதில்லை. ஜார்ஜ் பாலன்சீன் போன்ற பாலே அமைப்பாளர் அஸ்டேரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியதில் எனக்கு வியப்பில்லை.

இத்தனை வருடம் அஸ்டேர் கட்சியில் இருந்த என்னை ஆட்டிவைத்த படம் ‘தி ரெட் ஷூஸ்’. 1948இல் மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் எடுத்தது. இதில் வரும் லெர்மொன்டோவ் என்ற குழுத் தலைவர் யார் என்று சொல்லவே வேண்டாம். தியாகிலெவின் சாயல் அப்பட்டம். கேமராவை வாசலிலேயே நிறுத்தியவர் கடைசியில் கேமராவுக்குள்ளேயே கதாபாத்திரமானார். அதோடு, தியாகிலெவின் ஆட்டக்காரராகவும் நடன அமைப்பாளராகவும் இருந்த லியோனிட் மசீன், சிவப்புக் காலணி விற்கும் செருப்புக்காரராகத் தன் பகுதியைத் தானே அமைத்து ஆடினார். மீதி நடனத்தை அமைத்தவர் ராபர்ட் ஹெல்ப்மன்.

நாயகி விக்கியாக ஆடிய மொய்ரா ஷியரர் சாட்லர்ஸ் வெல்ஸ் குழுக்காரர். படத்தில் நடிக்க நீண்ட காலம் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தார். பின்னாளில் அவர் சொன்ன குறை நியாயமானது: ஒரே மூச்சில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் ஆடக் கிடைத்தாலே அதிர்ஷ்டம், எல்லாம் துண்டு துண்டாகத்தான் எடுக்கப்பட்டது. அப்படியானால் என் கணக்குப்படி இந்தப் படம் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. ஏன்?

நடுவில் வரும் பதினேழு நிமிட பாலேயைப் பாருங்கள். காட்சி ஒரு நாடக மேடையில், திரை விலகித் தொடங்குகிறது. கடைச் சன்னலில் இருக்கும் சிவப்புக் காலணிகளுக்குள் அவள் பாய்ந்ததும் நாடாக்கள் தாமாகவே கணுக்காலைச் சுற்றி முடிந்துகொள்கின்றன. மேடையில் இதைச் செய்ய முடியாது. கொஞ்ச நேரத்தில் தெருவில் காற்றில் அலையும் செய்தித்தாள் எழுந்து ஓர் ஆணாகி அவளோடு ஆடுகிறது. பிறகு மறுபடி தாளாகிறது. மேடை எப்போது கரைந்து போனது என்று நமக்கே தெரியாது. ஹெய்ன் ஹெக்ராத் என்ற ஓவியர் இதற்காகக் காட்சிக்குக் காட்சி ஓவியம் தீட்டித் தள்ளினார். பிரையன் ஈஸ்டேலின் இசை முன்கூட்டியே பதிவானது. ஜாக் கார்டிஃப் டெக்னிகலரில் எடுத்தார். மேடையில் இருக்கும் ஒரு நடனத்தை இவர்கள் படம்பிடிக்கவில்லை. திரையில் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு நடனத்தை உண்டாக்கினார்கள். அதனால் வெட்டும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அப்படியும் முக்கியமான இடங்களில் அந்தக் காலணிகள் சட்டகத்துக்குள் இருக்கும். கதையே காலைப் பற்றியதாயிற்றே!

பாலே ரசிகர்கள் காலம்காலமாக முணுமுணுக்கும் ஓர் ஓட்டை உண்டு. கடைசியில் விக்கி மேடைக்குப் போகும் முன்பே சிவப்புக் காலணி போட்டிருக்கிறாள். ஆனால் அந்த பாலேயின்படி அவள் அவற்றை நடுவில்தான் அணிய வேண்டும். எனக்கு அது உறுத்தவில்லை. அவளைச் சாவுக்கு இழுத்துப் போவது அந்தக் காலணிதான் என்கிறபோது நிகழ்ச்சி நிரலையா பார்ப்பது? அவள் இறந்த பிறகு அதே பாலேயை அவள் இல்லாமல் ஆடுகிறார்கள். அவள் நின்றிருக்க வேண்டிய இடமெல்லாம் ஒளிவட்டம் மட்டும் நகர்கிறது. பாவ்லோவாவுக்கு நடந்த அஞ்சலி தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

தயாரிப்புக்குப் பணம் போட்ட ரேங்க் நிறுவனத்துக்குப் படத்தில் நம்பிக்கை இல்லை. நியூயார்க்கில் ஒரே சின்ன அரங்கில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடி, கலை இயக்கத்துக்கும் இசைக்கும் ஆஸ்கர் வாங்கிய பிறகு நம்பினார்கள். ஜீன் கெல்லி இதை எம்ஜிஎம் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டித்தான் ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ (1951) படத்தின் நீண்ட பாலேக்குச் சம்மதம் வாங்கினார்.

அதே 1948இல் சென்னையிலிருந்து இரண்டு படங்கள் வெளிவந்தன. இரண்டும் உருவானது ஜெமினி ஸ்டூடியோவில். ஸ்டூடியோ போய்விட்டது, மேம்பாலத்துக்கு ஊர் வைத்த பேர் மட்டும் நிற்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த வாசனின் ‘சந்திரலேகா’. முரசு நடனத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ராட்சத முரசுகள் மேல் ஆட, முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதிக்கிறார்கள். பெர்க்லி பாணிதான். ஆனால் முரசின் தோலை மிதிக்கும் காலும் அந்தச் சத்தமும் இருப்பதால் எனக்கு அது பெர்க்லியைவிட உசத்தி.

மற்றது உதய் சங்கரின் ‘கல்பனா’. கிருஷ்ணனாக ஆடிய அந்த ஓவிய மாணவர் உலகம் சுற்றித் திரும்பி, அல்மோராவில் ஒரு கலை மையம் தொடங்கினார். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, பரதத்துக்கு பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை என்று ஆசிரியர் வரிசையே மலைக்க வைக்கும். சில வருடங்களில் மையம் மூடப்பட்டதும், மிஞ்சிய கனவைத் தூக்கிக்கொண்டு அவர் வந்த இடம் ஜெமினி. எழுதியது, இயக்கியது, ஆடியது எல்லாம் அவரே, ஒளிப்பதிவு கே. ராம்நாத். கண்ணைச் சிமிட்டாமல் பாருங்கள், தவறவிட்டால் நஷ்டம் உங்களுக்கு என்கிற தொனியில் தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு போடுகிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆட்கள் பல்சக்கரங்களாகவும் உருளைகளாகவும் மாறும் இயந்திர நடனத்தில், நிழலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பிம்பங்களும் ஆடுகின்றன. அங்கேயும், உழைப்பு எங்கே அழுத்துகிறது என்பது வளைந்த முழங்காலில் தெரிகிறது.

கதை தொய்வு, பிரசங்கம் அதிகம், மறுக்கவில்லை. படத்துக்குள் ஒரு தயாரிப்பாளர் வசூல் வசூல் என்றே புலம்பி அந்தக் கதையை நிராகரிப்பார். வெளியே உண்மையிலும் வசூல் கைவிட்டது. ஆனால் அதில் ஆடிய சிறுமி ஒருத்தி பத்து வருடம் கழித்து, அதே ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் வைஜயந்திமாலாவோடு மோதினாள். பத்மினிதான். பாவ்லோவா, உதய் சங்கர், பத்மினி என்று போடும் இந்தக் கோட்டை பரத ரசிகர்களும் பாலே ரசிகர்களும் ஒருசேர மறந்துவிட்டார்கள். சினிமா உலகம் மறக்கவில்லை: மார்ட்டின் ஸ்கார்செசி நிறுவிய அமைப்புகளின் முயற்சியில் ‘ரெட் ஷூஸ்’ 2009இலும் ‘கல்பனா’ 2012இலும் மீட்கப்பட்டு கான் விழாவில் திரையேறின. இரண்டாவதைப் பார்க்க உதய் சங்கரின் மனைவி அமலா சங்கரே போயிருந்தார்.

சோவியத் ரஷ்யாவில் 1955இல் ‘ரோமியோ ஜூலியட்’ பாலே படமாக வெளிவந்தபோது, ஜூலியட்டாக ஆடிய உலனோவாவுக்கு நாற்பத்தைந்து வயது. குளோஸ்-அப்பில் வயது தெரியும். மேலங்கி பறக்க அவர் ஓடும் ஓட்டத்தில் தெரியாது. எட்ட நிற்கும் கேமரா சில சமயம் கருணையும் காட்டும்.

இன்றைய பாட்டுக் காட்சிகளில் ஒரு ஜதி முடிவதற்குள் பத்து வெட்டு. ஆடத் தெரியாதவரைக் காப்பாற்றக் கண்டுபிடித்த அந்த வித்தை, ஆடத் தெரிந்தவரையும் சேர்த்து விழுங்கிவிட்டது. பார்க்கப் போனால், அஸ்டேரின் சட்டத்தை இப்போது ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கால் தெரியும் வரை பின்னால் நகர்ந்து, ஒரே மூச்சில் ஆடி முடிக்கிறார்கள். செங்குத்தான அந்தச் சட்டகம் நிற்கிற ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது. குறுக்கே பாய இடமில்லை. பாலேக்காரரின் பெரிய தாவல் அதில் அடங்காது. அது ஒரு குறைதான். ஆனாலும் கோடிகளைக் கொட்டி, கிரேனும் டிரோனும் வைத்துக்கொண்டு, நாலடி பின்னால் போக மனசில்லாத இயக்குநர்களிடம் இருக்கும் குறையைவிட அது சின்னது.