உப்பளக் கரையில் மாருதி 800

மாருதி 800 என்ற சிறுகாரின் முதல் வண்டி 1983 டிசம்பர் 14 அன்று தில்லியில் வாங்கியவரின் கைக்குப் போனது. 2014 ஜனவரி 18 அன்று அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன. அவற்றில் ஒரு பகுதி இன்னும் ஓடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களையும் எக்கியார்குப்பம் போன்ற மீனவர் ஊர்களையும் ஒட்டிய கடற்கரையில் இந்தக் காரின் ஆயுளை நிர்ணயிப்பது எஞ்சின் அல்ல, தகடு. கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் எஞ்சின் தேய்ந்து கார் நிற்கும். இந்தக் கரையில் நன்றாக ஓடும் எஞ்சினைச் சுமந்துகொண்டே உடல் உதிர்ந்துபோகும். இங்கே பழைய சிறுகாரைப் பராமரிப்பது பெரும்பாலும் துருவோடு நடக்கும் வேலைதான்.

சிக்கனமான கார் வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்கு மாருதியால் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டுப் பொருளானது. அப்போது மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரித்து வண்டிகளில் பொருத்தி ஓட்டியது. போருக்குப் பின் 1948இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கியது. அதன் தொழிற்சாலை வண்டலூர்ப் பகுதியில் அமைந்தது. வான்கார்ட் என்ற பெரிய காரில் தொடங்கிய நிறுவனம் விரைவிலேயே ஸ்டாண்டர்ட் எய்ட், ஸ்டாண்டர்ட் டென் என்ற சிறுகார்களுக்கு இறங்கி வந்தது. 1961இல் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைக் கொண்டுவந்தது. எஞ்சின் கொள்ளளவு 948 சி.சி.

சென்னையில் செய்யப்பட்ட கார்களிலேயே பழுதுபார்ப்பவருக்கு மிகவும் இணக்கமானது ஹெரால்ட்தான் என்று சொல்லலாம். அதன் முன்பக்கம் முழுவதும், இரு மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினின் எந்தப் பக்கத்துக்கும் நின்றபடியே கை போகும். அடியில் தனிச் சேசிஸ் உண்டு. உடல் பகுதி பகுதியாக அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. 1968இல் வந்த மூன்றாம் மார்க் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள். இங்கிலாந்தில் இந்த வடிவமே கிடையாது. 1972இல் கெஸல் வந்தது. அடுத்த ஆண்டு உலக எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையை ஏற்றிவிட்டது. கார் விற்பனை நாடெங்கும் சரிந்தது. கெஸலும் 1970களின் பிற்பகுதியில் நின்றுபோனது.

அந்த நிறுவனத்தின் கடைசி முயற்சி வருத்தத்துக்குரியது. 1985இல் அது ஸ்டாண்டர்ட் 2000 காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோவர் காருடைய உடலில், பழைய வான்கார்ட் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். வண்டியின் எடைக்கு எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை. பெட்ரோலும் அதிகம் குடித்தது. மாருதியின் 796 சி.சி. எஞ்சின் நாட்டையே கவர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிறுகார் செய்யத் தெரிந்த சென்னைத் தொழிற்சாலை பெரிய காரை நம்பி 1988இல் மூடப்பட்டது.

துருவே பிடிக்காத சிறுகார் ஒன்றும் தென்னிந்தியாவில் செய்யப்பட்டது. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த டால்ஃபின் காரின் உடல் ஃபைபர். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் 848 சி.சி. எஞ்சின் அதில் இருந்தது. உப்புக் காற்று ஃபைபரை ஒன்றும் செய்யாது. சுனாமிக்குப் பின் இந்தக் கரை முழுவதும் பரவிய ஃபைபர் படகுகளே அதற்குச் சாட்சி. ஆனாலும் டால்ஃபின் நிலைக்கவில்லை. மிகச் சில வண்டிகளே ஓடியதால் அதன் உதிரிபாகம் கடைகளில் இல்லை. அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் இல்லை. துருப்பிடிக்காத அந்தக் கார் மறைந்தது. எளிதில் துருப்பிடிக்கும் மாருதி நிலைத்தது.

மாருதி உத்யோக் நிறுவனம் 1981இல் அரசுத் துறையில் உருவானது. 1982இல் ஜப்பானின் சுசூகியோடு ஒப்பந்தம் செய்தது. விற்பனை தொடங்கும் முன்பே லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். தொடக்க விலை 50,000 ரூபாயை ஒட்டி இருந்தது. முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, 12 அங்குலச் சக்கரம், ஏறத்தாழ 650 கிலோ எடை. அம்பாசடர் லிட்டருக்கு 10 கி.மீ.க்கே திணறிய காலத்தில் மாருதி 16 முதல் 20 கி.மீ. வரை கொடுத்தது. 1986இல் உடல் வடிவம் மாறியது. நாட்டில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அந்த இரண்டாம் வடிவத்தைச் சேர்ந்தவையே.

இந்தக் கார் முதுமையிலும் கைவிடப்படாததற்கு அதன் எஞ்சின் பலவற்றுக்குப் பொதுவாக இருந்ததே முதன்மைக் காரணம். 1984இல் வந்த மாருதி வேனுக்கும் இதே 796 சி.சி. எஞ்சின். பின்னர் ஆம்னி என்று பெயர் மாறிய அந்த வேன் 2019 வரை தயாரிக்கப்பட்டது. கடற்கரை ஊர்களில் காரைவிட அதிகம் உழைத்தது ஆம்னிதான். பள்ளிப் பிள்ளைகள், கல்யாண வீட்டுச் சொந்தங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, சந்தைக்குப் போகும் கூடை என்று எல்லாம் அதில் ஏறின. 2000இல் வந்த ஆல்டோவுக்கும் 796 சி.சி. எஞ்சினே, சில மாற்றங்களோடு. இதனால் பல பாகங்களின் புழக்கம் கார் நின்ற பிறகும் அற்றுப்போகவில்லை.

உதிரிபாகங்களின் ஊற்றுக்கண் சென்னையில் இருந்ததும் இப்பகுதிக்கு உதவியது. பாடியில் 1960களின் தொடக்கத்திலேயே லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. ஒரு கதவு, ஒரு கியர்பாக்ஸ், ஒரு ஹெட்லைட் என்று எது வேண்டுமானாலும் புதுப்பேட்டையில் கழற்றிய நிலையில் கிடைக்கும். திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ கிடைக்காத பாகத்துக்கு ஒரு பஸ் பயணம் போதும்.

மரக்காணக் கரைக்கே கார் தாமதமாகத்தான் வந்தது. இப்பகுதியின் பழைய பாதை தண்ணீர்ப் பாதை. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்முனை மரக்காணத்தை எட்டியது. உப்பு மூட்டைகள் தோணியில் சென்னைக்குப் போயின. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைக்கப்பட்டு 2002இல் சுங்கச் சாலையானது. அதற்குள் முதல் தலைமுறை மாருதிகள் நகரங்களில் முதுமை அடைந்து, பழைய வண்டியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்தன. நல்ல சாலையும் மலிவான பழைய காரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

வந்த காரை உப்பு பிடித்துக்கொண்டது. உப்புக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தகட்டின்மேல் படிந்த உப்புத் தூள் தானே கரைந்து மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. இரும்பு துருப்பிடிப்பதென்பது மின்வேதியியல் வினை. அந்தப் படலம் வினைக்கு வேண்டிய மின்கடத்தியாக அமைகிறது. மழையே பெய்யாவிட்டாலும் இரவுதோறும் இது நடக்கும். உப்பு விளையும் கோடையில் கடற்காற்று தூளைக் கொண்டுவந்து படிய வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையோரம் தேங்கும் உவர்நீர் அடித்தகட்டில் தெறிக்கிறது. ஆண்டு முழுவதும் ஓய்வில்லை.

மாருதிக்கு ஹெரால்டைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. வளைத்துப் பற்றவைத்த தகடுகளே அதன் எலும்பு. ஆகவே துரு இங்கே அழகைக் கெடுக்கும் குறையோடு நிற்பதில்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக் கட்டமைப்பு அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போகிறது. துரு முதலில் தோன்றும் இடங்கள் பழகியவர்களுக்குத் தெரியும்: கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, பேட்டரித் தட்டு, முன்கண்ணாடி ரப்பருக்கு அடி, ஓட்டுநரின் கால்மிதிக்கு அடியில் உள்ள தரைத்தகடு, பெட்ரோல் டேங்கின் மேற்புறம், பிரேக் குழாய்கள். இவற்றில் பிரேக் குழாய்தான் உயிருக்கு ஆபத்தானது. வெளியே நிறம் மங்கியதாகத் தெரிவது உள்ளே ஊசித்துளை ஆகியிருக்கும்.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. கடற்கரை மணல் அவற்றை அடைத்துவிடும். ஈர்க்குச்சி கொண்டு அந்தத் துளைகளைத் திறந்து வைப்பது செலவில்லாத, ஆனால் பலரும் மறந்துவிடுகிற பராமரிப்பு. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியையும் சேர்த்துக் கழுவ வேண்டும். இங்குள்ள பல கிணறுகளின் உவர்நீரில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கேடு. தார்ப்பாயால் இறுக மூடுவதும் தவறு. உள்ளே வியர்த்த ஈரம் வெளியேறாது. கீற்றுக் கொட்டகையின் நிழலும் காற்றோட்டமும் காருக்கு நல்லவை. அடித்தகட்டுக்கு வடித்த பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அது துருவைச் சிறிது தள்ளிப்போடும். ஆனால் ரப்பரைக் கெடுக்கும், மழையில் கழன்று அருகிலுள்ள கழுவேலிச் சதுப்பு வரை போய்ச் சேரும். அண்டர்கோட்டிங்கே சரியான வழி. அதுவும் துருவைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்கப்பட வேண்டும்.

டிங்கரிங் பட்டறையில் இரண்டு வகை வேலை நடக்கும். அரித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பது ஒன்று. துருவின் மேலேயே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது மற்றொன்று. இரண்டாவது மலிவு, பார்க்கவும் பளபளப்பு. ஆனால் பட்டிக்கு அடியில் ஈரம் தங்கி, ஒரு மழைக்காலம் கழிந்ததும் பெயிண்ட் கொப்புளிக்கும். பழைய காரை வாங்குபவர்கள் காந்தத்தை வைத்துப் பார்ப்பது இதனால்தான்; பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.

எஞ்சின் பராமரிப்பு இதோடு ஒப்பிட்டால் எளிது. ஆயில் உரிய காலத்தில் மாற வேண்டும். டைமிங் பெல்ட்டை லட்சம் கி.மீ.க்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கார்பரேட்டர் காலத்து வண்டிகளில் பிளக், பாயின்ட் இடைவெளியும் வால்வு இடைவெளியும் சரியாக இருந்தால்தான் பழைய மைலேஜ் திரும்பும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே வளைந்து ஹெட் கேஸ்கெட் போய்விடும். ரேடியேட்டரில் உவர்நீர் ஊற்றுவது அந்த விபத்துக்கு நேர்வழி. ஆக்சில் முனையில் உள்ள ரப்பர் பூட் கிழிந்தால் மணல் உள்ளே போய், திரும்பும்போதெல்லாம் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்கும். கிழிந்த உடனே மாற்றினால் செலவு பூட்டோடு முடியும், தாமதித்தால் ஆக்சில்.

பெட்ரோல் விஷயத்தில் இக்கரைக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்துப் புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பெட்ரோல் விலையும் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டைவிடக் குறைவு. தெற்கே போகிற வண்டிகள் அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது வழக்கம். எரிபொருளின் தன்மை இருமுறை மாறியது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. ஈயத்தை நம்பியிருந்த பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் வால்வு இருக்கைகள் தேய்ந்தன. மாருதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. எத்தனால் கலப்பு அப்படியல்ல. 2022இல் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு, 2025இல் 20 ஆனது. மைலேஜ் சற்றுக் குறைகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் கார்பரேட்டர் வாஷர்களும் ஊறிக் கெடுகின்றன. எத்தனால் ஈரத்தை இழுப்பதால், நாள்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளிருந்தும் துருப்பிடிக்கிறது. பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும் வண்டியை நீண்ட நாள் நிற்கவிடாமல் ஓட்டுவதும்தான் இதற்கு வழி.

15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் காரை ஓட்டத் தமிழ்நாட்டில் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, பசுமை வரியும் கட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. உடல் உதிர்ந்த காரின் நல்ல எஞ்சினை வேறொரு வண்டியில் ஏற்றுவது இக்கரையில் இயல்பாக எழும் யோசனை. அப்படி ஏற்றினால் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் முறைப்படி மாற்றிப் பதிய வேண்டும். உடலைக் காயலான் கடைக்குப் போடும்போது அந்த வண்டியின் பதிவை ரத்து செய்வதும் உரிமையாளரின் பொறுப்பு.