ஸ்கின்னரின் எலிகளும் போக்கர் மெஷினும்

ஓர் ஆராய்ச்சியாளரின் அலுப்பிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பொன்றைப் பற்றி இம்மாதம் பேசுவோம்.

1930களின் தொடக்கம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற இளம் உளவியலாளர், எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும் பெட்டியொன்றைச் செய்துவைத்திருந்தார். உருண்டைகளை, மாத்திரை செய்யும் கருவியில் அவரே செய்ய வேண்டும். எலிகள் 8, நாளொன்றுக்கு ஆளுக்கு 100 உருண்டை! ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைப் பார்த்தார். இரவுவரை இருந்து உருட்டாவிட்டால் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு எல்லாம் தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு ஒன்று மட்டும் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். (நானும் அதைத்தான் செய்திருப்பேன்.)

எலிகள் சலித்துக் கைவிடும் என்றுதானே நினைப்போம்? கைவிடவில்லை. சீராக அழுத்திக்கொண்டேயிருந்தன.

பின்னர் சார்ள்ஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து புறாக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1957இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பரிசு கிடைக்கும் ஒழுங்கு தெரிந்தால் நடத்தையின் போக்கை முன்கூட்டியே சொல்லலாம் என்று அது காட்டியது. இத்தனை கொத்தலுக்கு ஒரு பரிசு என்றால், பரிசு பெற்ற புறா சற்று ஓய்ந்து, பிறகு வேகமாகக் கொத்தும். குறித்த நேரத்துக்கு ஒன்றென்றால், நேரம் நெருங்கும்போதுதான் சுறுசுறுப்பு. நேரம் நிச்சயமில்லை என்றால் நிதானமாக, விடாமல் கொத்தும். போர்க்காலத்தில் ஊர்க்கடிதம் எந்த நாளில் வருமென்று தெரியாமல் தினமும் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எண்ணிக்கை நிச்சயமில்லாதபோதுதான் சிக்கல். எத்தனையாவது கொத்தலுக்கு விழும் என்று தெரியாத புறா ஓய்வதே அபூர்வம். பரிசை அடியோடு நிறுத்தினாலும் நெடுநேரம் கொத்தும். ஒவ்வொரு முறையும் பெற்றுப் பழகியது விரைவில் விட்டுவிடும். எப்போதாவது பெற்றதுதான் விடாது. சூதாட்ட இயந்திரத்தின் ஒழுங்கும் இதுவே என்று ஸ்கின்னர் 1953இலேயே எழுதிவிட்டார்.

இயந்திரம் செய்தவர்களோ அவருக்காகக் காத்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சான் பிரான்சிஸ்கோவில் சார்ள்ஸ் ஃபே மூன்று சில்லுகள் சுழலும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். நாம் வாழும் நியூ சவுத் வேல்ஸின் கிளப்புகளில் போக்கர் மெஷின்கள் சட்டபூர்வமானது 1956இல். புறாக்களின் நூல் வந்ததற்கு முந்திய ஆண்டு.

சம்பளத்தை அங்கே விட்டுவிட்டு வரும் மனிதரை, "இவ்வளவு தோற்றும் புத்தி வரவில்லையா?" என்று வீட்டார் கேட்பார்கள். இடையிடையே வெல்வதால்தான் அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்புவதில்லை. என்றோ ஒருநாள் விழுந்த இருநூறு டொலரை, கேட்டுப் பாருங்கள், இன்றும் நாள் கிழமையோடு சொல்லுவார்.